ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது: தன் வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிடுவது எப்படி?

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் நீலகிரியிலிருந்து உறைபனிச் செய்திகள் வரத் தொடங்கும். ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தா புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும் படம் அதில் தவறாமல் இருக்கும். அதே விடியற்காலையில் ஊட்டி ஏரிக்குப் போனால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மேலே மெல்லிய ஆவிகூட எழும்பிக்கொண்டிருக்கும். ஒரே இரவு, ஒரே குளிர். புல் மட்டும் உறைந்தது ஏன்?

‘தண்ணீருக்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் அதிகம், அதனால் ஏரி உறையவில்லை’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. புல்லுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தானே? மீதிப் பாதி புரிய வேண்டுமானால், இந்த எண் என்ன, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலையில் இந்தக் கணக்கைப் போடும் மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வழுக்குகிறார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

## வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

ஒரு டம்ளர் கொதிநீரையும் ஓர் அண்டா வெதுவெதுப்பான நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டம்ளரின் வெப்பநிலைதான் அதிகம். ஆனால் குளிர்ந்த அறையில் இரண்டையும் ஆற விட்டால் அறைக்கு அதிக வெப்பத்தைக் கொடுப்பது அண்டாதான். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரே அளவு வெப்பம் வெவ்வேறு பொருள்களை வெவ்வேறு அளவுக்குச் சூடாக்கும் என்பதும் அவர் ஆய்வில் வந்ததுதான்.

நமக்குத் தேவையான சொற்கள் நான்கு:

1. வெப்பநிலை: பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. வெப்பமானி காட்டுவது இதைத்தான்.
2. வெப்ப ஆற்றல்: சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும் ஆற்றல். அலகு ஜூல்.
3. வெப்ப ஏற்புத்திறன்: ஒரு பொருள் முழுவதையும் 1 டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல். அண்டாத் தண்ணீருக்கு இது அதிகம், டம்ளருக்குக் குறைவு.
4. தன் வெப்ப ஏற்புத்திறன்: அந்தப் பொருளில் 1 கிலோகிராமை மட்டும் எடுத்து 1 டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல். இதற்கு அண்டா, டம்ளர் வேறுபாடு கிடையாது. பழைய பாடநூல்களில் ‘தன் வெப்பம்’ என்று இருக்கும்.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாக நினைப்பதால்தான் உறைபனி விளக்கங்களில் பாதிக் குழப்பம் வருகிறது. மூன்றாவது அந்தப் பொருளின் அளவைப் பொறுத்தது. நான்காவது எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது.

சூத்திரம் எளிது:

வெப்ப ஆற்றல் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம்

நிறை கிலோகிராமில். வெப்பநிலை மாற்றத்தை செல்சியஸில் எடுத்தாலும் கெல்வினில் எடுத்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலும் ஒரு டிகிரியின் அளவு ஒன்றே. 273 சேர்க்க வேண்டுமா என்று இந்தக் கணக்கில் தடுமாறத் தேவையில்லை.

தன் வெப்ப ஏற்புத்திறனின் அலகு ஜூல்/கிலோகிராம் கெல்வின். தண்ணீருக்கு இது 4186. பள்ளிக் கணக்குகளில் 4200 என்று எடுத்துக்கொள்வார்கள். பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 2100, அலுமினியத்துக்கு 900, இரும்புக்கு 450, செம்புக்கு 385, பித்தளைக்கு 380, ஈயத்துக்கு வெறும் 128.

2 கிலோ எடையுள்ள இரும்பு தோசைக்கல்லை 20 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுபோக 2 × 450 × 180 = 1,62,000 ஜூல் வேண்டும். இந்நேரம் கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறும். இதே 1,62,000 ஜூலை 2 லிட்டர் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 19 டிகிரிதான் ஏறும். கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

## கலவை முறை

தெரியாத ஓர் உலோகத்தின் தன் வெப்ப ஏற்புத்திறனைக் கண்டுபிடிக்கப் பள்ளி ஆய்வகத்தில் செய்வது கலவை முறை. சூடான உலோகத்தைக் குளிர்ந்த நீரில் போடுகிறோம். உலோகம் இழந்த வெப்பம், நீரும் அது இருக்கும் உலோகப் பாத்திரமான கலோரிமானியும் பெற்ற வெப்பத்துக்குச் சமம். வெளியே எதுவும் போகவில்லை என்ற நிபந்தனை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஊட்டியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் செய்வதாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, ஆனால் உண்மையில் கிடைக்கக்கூடியவையே.

1. 200 கிராம் பித்தளை எடைக்கல்லை நூலில் கட்டி, கொதிக்கும் நீருக்குள் அடி தொடாமல் பத்து நிமிடம் தொங்க விட வேண்டும். கல்லின் உள்பகுதியும் நீரின் வெப்பநிலைக்கு வந்துவிடும்.
2. 100 கிராம் எடையுள்ள செம்புக் கலோரிமானியில் 150 கிராம் குழாய்த் தண்ணீர். வெப்பநிலை 16 டிகிரி.
3. கல்லைத் தூக்கி, ஒட்டிய நீரை உதறிவிட்டு, சட்டென்று கலோரிமானிக்குள் இறக்கி மூடியைப் போட்டுக் கலக்க வேண்டும்.
4. நீர் எட்டும் உச்ச வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். நமக்குக் கிடைத்தது 23.8 டிகிரி.

நான்காவது படியில் கண் வெப்பமானியை விட்டு நகரக் கூடாது. கல் இறங்கியதும் திரவ இழை வேகமாக ஏறும், பிறகு தயங்கும், ஓரிடத்தில் வந்து நிற்கும். அப்புறம் மெதுவாக இறங்கத் தொடங்கும். அது நிற்கிற அந்தச் சில நொடிகளில் எடுக்கும் அளவுதான் கணக்குக்கு உரியது. நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் அது இறங்கியிருக்கும்.

இனி கணக்கு.

தண்ணீரும் கலோரிமானியும் ஏறியது: 23.8 − 16 = 7.8 டிகிரி.

தண்ணீர் பெற்றது: 0.15 × 4186 × 7.8 = 4898 ஜூல்.

கலோரிமானி பெற்றது: 0.1 × 385 × 7.8 = 300 ஜூல்.

மொத்தம் 5198 ஜூல். இதைக் கொடுத்தது பித்தளைதான். பித்தளை எத்தனை டிகிரி இறங்கியது?

## இங்கேதான் வழுக்குகிறது

‘கொதிநீரில் இருந்து எடுத்தோம், ஆகவே 100 டிகிரி’ என்று பெரும்பாலானோர் வெப்பமானியைப் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். கடல் மட்டத்தில் அது சரி. ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். நீரின் ஆவியழுத்தம் வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. காற்று குறைவாக அழுத்தினால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். தோராயமாக 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கில் ஊட்டியில் தண்ணீர் கொதிப்பது 92.5 டிகிரி அளவில். குன்னூரில் 94. கொடைக்கானலில் 93. தொட்டபெட்டா உச்சியில் 91. மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் சொல்வது இதனால்தான். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்கு மேல் சூடாகாது.

அளந்த வெப்பநிலையை வைத்துப் போட்டால்:

பித்தளை இறங்கியது: 92.5 − 23.8 = 68.7 டிகிரி.

தன் வெப்ப ஏற்புத்திறன் = 5198 ÷ (0.2 × 68.7) = 378.

ஏற்கப்பட்ட மதிப்பு 380. நல்ல விடை.

100 என்று எழுதியவருக்கு இறக்கம் 76.2 டிகிரி ஆகிவிடும், விடை 341 என்று வரும். பத்து சதவீதம் பிழை! கலோரிமானி வாங்கிய 300 ஜூலையும் சேர்த்து மறந்துவிட்டால் 321. சோதனையை அவ்வளவு கவனமாகச் செய்தும் விடை தப்பிப் போவது பரிதாபம். செய்முறையில் ஒரு குறையும் இல்லை, அளக்காத ஒரே ஓர் எண்ணால் வந்த பிழை. மலைப்பகுதிப் பள்ளிகளில் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் வேலையாகக் கொதிநீரில் வெப்பமானியை வைத்து எல்லோரையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 92.5 டிகிரியைத் தாண்டி இழை நகராததைக் கண்ணால் பார்த்த பிள்ளை 100 என்று எழுத மாட்டாள்.

வெப்பமானியே தவறாகக் காட்டினால்? நொறுக்கிய பனிக்கட்டி உருகும் நீரில் வைத்துப் பாருங்கள். உருகும் வெப்பநிலை உயரத்தால் குறிப்பிடும்படி மாறாது, ஊட்டியிலும் பூஜ்ஜியம்தான்.

## எந்த அளவில் அதிகக் கவனம் வேண்டும்?

எல்லா அளவுகளும் சமமான ஆபத்து உள்ளவை அல்ல. கொதிநீரின் வெப்பநிலையை அரை டிகிரி தவறாகப் படித்து 92 என்று எழுதினால் விடை 381 ஆகும். மூன்றுதான் மாற்றம். உச்ச வெப்பநிலையை அரை டிகிரி குறைத்து 23.3 என்று எழுதிப் பாருங்கள். விடை 351 வரும். 27 குறைந்துவிட்டது. 68.7 டிகிரியில் அரை டிகிரி ஒன்றுமில்லை, 7.8 டிகிரியில் அரை டிகிரி பெரிய பங்கு. ஆகவே குளிர்ந்த நீருக்கு டிகிரியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் வெப்பமானி வேண்டும்.

பித்தளையில் ஒட்டிக்கொண்டு வரும் வெந்நீரும் லேசுப்பட்டதல்ல. ஒரே ஒரு கிராம் ஒட்டி வந்தாலும் அது 23.8 டிகிரிக்கு இறங்கும்போது 288 ஜூலைக் கலோரிமானிக்குள் கொட்டும். அதைப் பித்தளையின் கணக்கில் எழுதினால் விடை 21 கூடிவிடும். ஒரு கிராம் நீர் என்பது ஏறத்தாழ இருபது சொட்டுகள்தான். உதறுவதை மறக்கக் கூடாது, உதறிக்கொண்டே நின்று கல்லை ஆற விடவும் கூடாது.

அறைக்குப் போகும் வெப்பத்தை ஈடுகட்ட ஓர் எளிய வழி இருக்கிறது. அறை 20 டிகிரியில் இருந்தால், நீரை அதைவிட நான்கு டிகிரி குளிர்ச்சியாகத் தொடங்கி நான்கு டிகிரி சூடாக முடிக்க வேண்டும். முதல் பாதியில் அறையிடமிருந்து வாங்குவதும் பின்பாதியில் அறைக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். மேலே 16 டிகிரியில் தொடங்கி 23.8இல் முடிந்தது இதற்காகத்தான். மலையில் குளிர்கால அறைக்குள் வரும் குழாய்த் தண்ணீர் பல நாள் தானாகவே அறையைவிடக் குளிர்ந்திருக்கும். சமவெளியில் இதற்குப் பனிக்கட்டி தேட வேண்டும்.

இவ்வளவு செய்தும் 378 என்ற விடையை வைத்து அந்த உலோகம் பித்தளையா செம்பா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையே வெறும் ஐந்துதான் வேறுபாடு, நம் அளவீட்டின் பிழையே அதைவிடப் பெரிது. அலுமினியம் இல்லை, ஈயம் இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்லலாம்.

ஈயத்துக்கு ஏன் அவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு 1819இல் டியூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் விடை காட்டினார்கள். கிலோவுக்குப் பதிலாக அணுக்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் திட உலோகங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் ஏற்கின்றன. ஈய அணு கனமானது, எனவே ஒரு கிலோவில் அணுக்கள் குறைவு. அலுமினிய அணு லேசு, ஒரு கிலோவில் நிறைய.

## சரி, புல் ஏன் உறைந்தது?

இப்போது தலைகுந்தாவுக்குப் போகலாம். மேகமில்லாத இரவில் தரையும் செடிகளும் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 70 ஜூல் நிகர இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஜூல்.

ஏரியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழ் 2 மீட்டர் ஆழம் இருந்தால் அங்கே 2000 கிலோ தண்ணீர் இருக்கிறது. அது 1 டிகிரி குளிர 2000 × 4186, அதாவது 84 லட்சம் ஜூலை இழக்க வேண்டும். இரவு முழுக்க இழந்தாலும் அரை டிகிரிகூட இறங்காது. மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே போகும், கீழே இருந்த வெதுவெதுப்பான நீர் மேலே வரும். 4 டிகிரி வரை இப்படியே நடப்பதால் மேல்தோல் மட்டும் தனியாக உறைந்துவிட முடியாது.

புல்லைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் அரை கிலோ பசும்புல், தன் வெப்ப ஏற்புத்திறன் 3500 அளவில். தண்ணீருக்கு அருகில்தான் இருக்கிறது! ஆனால் நிறை குறைவு. 1 டிகிரி இறங்க 1750 ஜூல் போதும். 70 ஜூல் வீதத்தில் 25 நொடியில் அது காலியாகிவிடும். சுற்றியுள்ள காற்றும் அடியிலுள்ள மண்ணும் தொடர்ந்து ஈடு கொடுப்பதால்தான் புல் அவ்வளவு வேகமாக விழுவதில்லை. குளிர்ந்த காற்று வழிந்து வந்து தேங்கும் பள்ளங்களில் அந்த ஈடும் குறைந்துபோகும். ஏரிக்கும் புல்லுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்ப ஏற்புத்திறனில், அதாவது நிறையோடு பெருக்கி வரும் எண்ணில் இருக்கிறது. மூன்றாவது சொல்லையும் நான்காவது சொல்லையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

செய்தியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று வந்த நாளிலும் தரையில் உறைபனி இருப்பது பலருக்குக் குழப்பம் தருகிறது. வானிலை நிலைய வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள், காற்றின் வெப்பநிலையை அளக்கிறது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். இரண்டு தகவலும் சரியே.

## ஈர மண்ணும் தெளிப்பு நீரும்

மலைக்காய்கறித் தோட்டத்தில் காய்ந்த மண்ணைவிட ஈர மண் ஏன் நல்லது என்பதையும் இதே சூத்திரத்தால் கணக்கிடலாம். காய்ந்த மண்ணின் தன் வெப்ப ஏற்புத்திறன் 800 என்று கொள்வோம். 1 கிலோ மண்ணில் 300 கிராம் தண்ணீர் ஊறினால்:

மண்: 1 × 800 = 800 ஜூல்
நீர்: 0.3 × 4186 = 1256 ஜூல்

1 டிகிரி இறங்க இப்போது 2056 ஜூல் போக வேண்டும். அதே மண், இரண்டரை மடங்கு தாக்குப்பிடிக்கும். அதோடு, மண் துகள்களுக்கு இடையில் காற்றுக்குப் பதில் நீர் இருப்பதால் ஆழத்திலுள்ள வெப்பம் மேலே வருவதும் எளிதாகிறது. பகல் வெயிலில் சேர்த்து வைத்ததை இரவில் கேரட் இலைக்குக் கொடுக்கிற மண் அது.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் ‘கோத்தகிரி மிலார்’ என்ற செடிகளால் மூடி வைப்பார்கள். அதன் வேலை வேறு. செடிக்கும் திறந்த வானத்துக்கும் நடுவே ஒரு கூரையாக நின்று கதிர்வீச்சு இழப்பைக் குறைக்கிறது. வெப்ப ஏற்புத்திறனை அது மாற்றுவதில்லை.

உறைபனி இரவில் செடி மேல் தண்ணீர் தெளிப்பதில் இன்னொரு எண் நுழைகிறது. 10 டிகிரியில் உள்ள 1 கிலோ நீர் பூஜ்ஜியத்துக்கு வரும்போது 41,860 ஜூலைக் கொடுக்கும். பூஜ்ஜியத்திலேயே நின்று பனிக்கட்டியாக மாறும்போது 3,34,000 ஜூலைக் கொடுக்கும், எட்டு மடங்கு. இதன் பெயர் உள்ளுறை வெப்பம். இங்கே வெப்பநிலை மாற்றம் பூஜ்ஜியம் என்பதால் நம் சூத்திரம் பொருந்தாது, நிறையை உள்ளுறை வெப்பத்தால் பெருக்கினால் போதும். இலை மேல் உறைந்துகொண்டே இருக்கும் நீர் இலையைப் பூஜ்ஜியத்தின் அருகிலேயே பிடித்து வைக்கும். பயிர்ச்செல் சேதமாவது பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே இறங்கிய பிறகுதான்.

ஆனால் இந்த முறையில் தெளிப்பானை நள்ளிரவில் போட்டுவிட்டு மூன்று மணிக்கு நிறுத்துவது செடிக்கு ஆபத்து. உறைவதற்குப் புது நீர் வராமல், ஈரம் ஆவியாகத் தொடங்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூலை அது இலையிடமிருந்தே உறிஞ்சும். உறையும்போது கொடுத்ததைவிட ஏழு மடங்குக்கும் மேல். தண்ணீர் தொட்டியில் விடியும் வரைக்கும், வெயில் ஏறி இலைமேல் பனிக்கட்டி உருகத் தொடங்கும் வரைக்கும் நீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும்.